மேஜர் குரைக்காத ஞாயிறு

மல்காஜ்கிரி,
ஹைதராபாத்.
செவ்வாய்க்கிழமை காலை

கிறிஸ்துவுக்குள் பிரியமான மருமகன் கலேப் அவர்களுக்கு,

மாமனார் கிதியோன் அன்புடன் எழுதுவது. இங்கே நானும் நாய் மேஜரும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். மெல்போர்னில் நீங்களும், என் மகள் எவாஞ்சலினும், பல் முளைக்கிற தொந்தரவில் இருப்பதாகச் சொன்ன பேரனும், பேரனைப் பார்க்க வந்து இன்னும் பார்த்து முடியாத என் மனைவி செலினும் அதே விதமாய்ச் சுகமாயிருக்க வேண்டுமென்பது என் அன்றாட விண்ணப்பம். இந்தக் காலத்தில் இதையெல்லாம் போனிலேயே கேட்டுவிடலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பேசினால் எல்லாமே பாதியில் நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதினால் முழு வாக்கியமாக வரும். மாடியில் குடியிருக்கும் பத்மப்ரியா என்ற கோயம்புத்தூர்ப் பெண் இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கையெழுத்து தெளிவில்லாமல் இருந்தால் அது என் குற்றமே தவிர அந்தப் பெண்ணின் குற்றமல்ல.

எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று, மேஜருக்காக நீங்கள் ஆர்டர் போட்டு அனுப்பிவைத்த மின்சாரக் காலர். மற்றது, அத்தை இன்னும் ஆறு மாதம் அங்கே இருந்தால் எவாஞ்சலின் வேலைக்குத் திரும்ப வசதியாக இருக்கும், விசா நீட்டிப்புக்கு மாமாவுக்குச் சம்மதமா என்று நீங்கள் கேட்டிருந்தது. செலினிடம் கேட்டால் "அவங்க என்ன சொல்றாங்களோ அப்படி" என்கிறாள் என்றும், என்னிடம் கேட்டால் "அவ இஷ்டம்" என்கிறேன் என்றும், இருவருக்கும் நடுவில் விண்ணப்பத் தேதி நெருங்குகிறது என்றும் வருத்தப்பட்டிருந்தீர்கள். நியாயமான வருத்தம். காலரை முதலில் எழுதுகிறேன். அதை எழுதி முடித்தால் இரண்டாவதற்கும் பதில் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

மேஜரின் பிடிவாதம் உங்களுக்குப் போன் வழியாகத்தான் தெரியும். நேரில் பார்த்தால் அது பிடிவாதம் என்றுகூடத் தோன்றாது, ஒரு தேடுதல் பணி என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உங்கள் அழைப்பு வரும். போனை டம்ளரில் சாய்த்து வைப்பேன். செலின் "ஏங்க, தெரியுதா" என்று கேட்பாள். அந்த ஒரு வார்த்தை போதும். மேஜர் எழுந்து முதலில் போனுக்குப் பின்னால் பார்ப்பான். பிறகு சமையலறை, கட்டிலடி, குளியலறை, மாடிப்படி என்று ஒழுங்காக ஒவ்வொரு இடமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அவளை நான்தான் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல என்னைப் பார்ப்பான். அதன் பிறகு தலையை மேலே தூக்கி ஊளையிடத் தொடங்குவான். அல்வாலில் ஒரு ராணுவக் குடும்பம் மாற்றலாகிப் போகும்போது செலின் கேட்டு வாங்கி வந்த நாய், பெயரும் அவர்கள் வைத்ததுதான். ஒழுக்கம் மட்டும் அவர்களோடு போய்விட்டது. அங்கே பேரன் விழித்து அழுவான், எவாஞ்சலின் "டாடி, ப்ளீஸ்" என்பாள், இங்கே பக்கத்து வீட்டு ராகவேந்திரா மதில் மேல் தலையை நீட்டி "கைக்கு சாப், ஹர் சண்டே கைக்கு?" என்று ஏன் இந்த வாராந்தரத் துன்பம் என்று கேட்பார். நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழைப்பு முடிந்துவிடும். இதனால்தான் நீங்கள் காலர் அனுப்பினீர்கள். இதில் தவறு காண ஒன்றுமில்லை.

என் பங்குக்கு நான் மேஜரை அதட்டிப் பார்க்காமல் இல்லை. ஆனால் எனக்கு அதட்டும் குரல் வாய்க்கவில்லை. லாலாகுடா ரயில் பட்டறையில் என் உத்தியோகக் காலம் முழுவதும் பிரேக் சோதனைப் பிரிவில் கழிந்தது. அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, கையைக் காட்டுவோம், காற்றழுத்தம் ஏறும், கையை இறக்குவோம், இறங்கும். வீட்டுக்கு வந்தால் செலின் இருந்தாள், பள்ளிக்கூடத்து டீச்சர், பால்காரரிலிருந்து பிஷப் வரை அவளே பேசிவிடுவாள். இப்படி எனக்குக் குரலின் தேவை ஏற்படாமலே காலம் போய்விட்டது. "மேஜர், கொஞ்சம் சும்மா இருக்கியா" என்று நான் கேட்டால் அவன் அதை ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொள்கிறான்.

காலரோடு வந்த கையேட்டை அடிக்கோடிட்டு வாசித்தேன். முதலில் ஒலி, அதற்கு அடங்காவிட்டால் அதிர்வு, அதற்கும் அடங்காவிட்டால் மின்சாரம், மின்சாரத்துக்குக் கீழிருந்து மேலாகப் பல நிலைகள். ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்குப் பட்டையை இறுக்க வேண்டும், இரண்டு உலோக முள்ளும் தோலில் படிய வேண்டும். சார்ஜ் ஏற்ற எனக்குத் தெரியவில்லை என்று பத்மப்ரியாவைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், இத மேஜர் கழுத்துலயா மாட்டப் போறீங்க? பாவமா இல்லைங்களா?"

"சோதிக்காம மாட்ட மாட்டேன்மா. எங்க பட்டறையில சோதிக்காத பிரேக்கை வண்டியில ஏத்தினதே கிடையாது."

"சரிங்க, யார் மேல சோதிப்பீங்க?"

அந்தப் பெண் மாடியேறிப் போன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கழுத்துள்ளவர்கள் இருவர்தான் இருந்தோம்.

மருமகனே, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் முறைப்படி நடந்ததை முறைப்படி எழுத வேண்டும். முதலில் முன்னங்கையில் கட்டிப் பார்த்தேன், கையேட்டின்படி அது சரியான சோதனை ஆகாது. ஆகவே கண்ணாடி முன் நின்று, சட்டைக் காலரை மடித்துவிட்டு, என் கழுத்திலேயே மாட்டி, ஒரு விரல் அளவு விட்டு இறுக்கினேன். கொக்கி பிடரிப் பக்கம் போய் மாட்டிக்கொண்டது. மாட்டும்போது எப்படியோ கை எட்டியது, கழற்றும்போது என் இடது தோள் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. செலின் இருந்தால் கொக்கியைக் கழற்றியிருப்பாள், ஆனால் செலின் இருந்தால் மாட்டவும் விட்டிருக்க மாட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். பரவாயில்லை, சோதனையை முடித்துவிட்டுப் பத்மப்ரியாவைக் கூப்பிடலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவுடன் நாய்க்குத் தின்பண்டம் தர வேண்டும் என்று கையேடு சொல்வதால், ஒத்திகைக்காக ரிமோட்டையும் பிஸ்கட்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தேன். பை கீழே கிடந்தது. பிஸ்கட் தீர்ந்திருந்தது. பிஸ்கட் வாசனையுள்ள அடுத்த பொருளை வாயில் கவ்விக்கொண்டு மேஜர் வாசலில் நிற்கும் என் பழைய ஸ்கூட்டருக்கு அடியில் படுத்துவிட்டான்.

அவன் முதல் கடிக்கு என் கழுத்தில் 'பீப்' என்றது. இரண்டாவது கடிக்கு அதிர்ந்தது. "மேஜர், குடு, நல்ல பிள்ளைல்ல" என்று குனிந்து கேட்டேன். அவன் வாலை ஆட்டிக்கொண்டே இன்னும் ஆழமாகக் கடித்தான். மின்சாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கீழ் நிலையில் அது வலி இல்லை, யாரோ பின்னாலிருந்து கழுத்தில் விரலால் சுண்டிக் கூப்பிட்டுவிட்டு மறைந்துகொள்வது மாதிரி இருக்கிறது. அதைவிட மேலே போனால் வேறு மாதிரி. எந்த நிலை என்பது அவனுடைய கடைவாய்ப் பல்லின் கையில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் போதகரும் பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவியம்மாவும் வந்து நின்றார்கள். சபையில் மாதாமாதம் நோயாளிகளையும் தனித்திருப்பவர்களையும் வீடு தேடி வந்து சந்தித்து ஜெபிக்கும் வழக்கம் உண்டு. போன மாதமே நான் போதகரிடம் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன், என் மனைவி உயிரோடு இருக்கிறாள், ஊரில் இல்லை, அவ்வளவுதான், என்னைத் தனித்திருப்பவன் என்று சேர்த்தது சரியா என்று. "அண்ணாச்சி, எங்ககிட்ட ரெண்டே தலைப்புதான் இருக்கு. நோயாளியில போட்டுக்கவா?" என்றார். தனித்திருப்பவனாகவே இருந்துகொண்டேன்.

உள்ளே ஓடி மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். ஏப்ரல் மாதத்து ஹைதராபாத் வெயிலில் மஃப்ளரோடு வந்தவனைப் பார்த்துத் தலைவியம்மா, "ஐயோ அண்ணே, காய்ச்சலா? அங்க செலினுக்குச் சொன்னீங்களா?" என்றார். இல்லை, தொண்டை, என்றேன். சொல்லிவிடலாம்தான், நான் என் கழுத்தில் நாய்க் காலரை மாட்டிக்கொண்டிருக்கிறேன், ரிமோட் நாயிடம் இருக்கிறது என்று. உங்களால் சொல்ல முடிந்திருக்குமா, தெரியவில்லை. என்னால் முடியவில்லை. போதகர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். கடல் கடந்து போயிருக்கும் எங்கள் சகோதரிக்காக என்றபோது ஒன்றுமில்லை. புதுப் பேரப்பிள்ளைக்காக என்றபோதும் ஒன்றுமில்லை. "இந்த வீட்டிலே தனிமையாய் உட்கார்ந்திருக்கிற உமது அடியானைத் தேற்றும்" என்று அவர் குரல் தழுதழுக்கும்போது வெளியே மேஜர் நன்றாகக் கடித்துவிட்டான். "ஆ" என்று நான் கத்திவிட்டேன். கத்திய வேகத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அதை "ஆமென்" என்று முடித்து வைத்தேன்.

போதகர் உற்சாகமாக ஜெபத்தைத் தொடர்ந்தார். அவர் உற்சாகமானால் ஜெபம் நீளும், ஜெபம் நீண்டால் மேஜர் கடிப்பான். நான் இன்னும் பல தடவை ஆமென் சொன்னேன், ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்தே சொன்னேன். முடிந்ததும் தலைவியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு நாளா இந்த அனலை எங்கண்ணே வச்சிருந்தீங்க" என்றார். போதகர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து ஒரு சத்தம் கேட்டதில்லை என்றும், வருகிற ஸ்தோத்திரப் பண்டிகையில் நான் எழுந்து என் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மறுக்க வாயெடுத்தேன், கழுத்தில் மறுபடியும் சுண்டி, "ஆ" என்றுதான் வந்தது. அதையும் ஆமென் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு பத்மப்ரியா வந்து தயிர்ச்சாதம் காட்டி ரிமோட்டை மீட்டு, என் பிடரியில் கொக்கியைக் கழற்றிவிட்டது. சிரிப்பை அடக்க அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்து, தாராளமாகச் சிரித்துக்கொள்ளம்மா என்றேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுச் சில காலம் ஆகிறது என்பது அப்போதுதான் என் கவனத்துக்கு வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

சோதனை முடிவு: மின்சாரம் கூடாது, அதிர்வு போதும், அதுவும் ஆகக் குறைந்த அளவில். இப்படி முடிவு செய்து ஞாயிறன்று மேஜருக்குக் காலரை மாட்டினேன். ரிமோட்டை என் கையிலேயே வைத்துக்கொண்டேன். நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அந்தப் பக்கம் இருந்தீர்கள். செலின் "ஏங்க, தெரியுதா" என்றாள். மேஜர் எழுந்தான். பொத்தானை அழுத்தினேன். அவன் நின்று, கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். போனைப் பார்த்தான். இன்னொரு முறை அழுத்தினேன். தரையில் படுத்து, தாடையை முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான், பயிற்சி பூர்த்தியாகிவிட்டது. நீங்கள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினீர்கள். பேரன் தூங்கினான். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"என்ன வச்சீங்க?"

"ரசம்."

"நேத்தும் ரசந்தான?"

"நேத்து வச்சதுதான்."

"மாத்திரை?"

"போட்டேன்."

அதன் பிறகு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. இத்தனை மாதமும் 'அவனைக் கொஞ்சம் பிடிங்க', 'கேக்கல', 'என்ன சொன்ன', 'ராகவேந்திரா வந்துட்டாரா' என்றே நேரம் ஓடியிருக்கிறது. சத்தம் அடங்கியதும் எங்களிடம் பேச்சு அதிகமில்லை என்பது தெரிந்துவிட்டது. செலின் திரையில் அங்குமிங்கும் தேடிவிட்டு, "மேஜர் சத்தத்தையே காணோம், சொகமில்லையா?" என்று கேட்டாள். ட்ரெயினிங் ஆகிவிட்டது என்றேன். "என் குரல் மறந்துருச்சாக்கும்" என்றாள். இல்லையென்று சொல்லலாமா, சொன்னால் காலரைப் பற்றி விளக்க வேண்டி வருமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சரி வைக்கட்டுமா என்றாள். வைத்துவிட்டோம். ராகவேந்திரா மதில் மேல் எட்டிப் பார்த்து, இன்றைக்கு உடம்பு சரியில்லையா என்று நாயைத்தான் விசாரித்தார்.

ஆகவே காலர் வெற்றி. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டில் தொந்தரவு இராது. இதிலிருந்து இரண்டாவது விஷயத்துக்கும் பதில் வருகிறது. நானும் மேஜரும் சமாளிக்கப் பழகிக்கொண்டோம். ரசம் வைக்கத் தெரியும். சாயங்காலங்களில் டிவி போட்டால் வீட்டில் பேச்சுக்குரல் இருக்கிறது, தெலுங்குச் செய்தியாக இருந்தாலும் பேச்சுதானே. வெளியே போய்த் திரும்பும்போது கதவைத் திறந்துகொண்டே "வந்துட்டேன்" என்று சொல்லும் பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை, அதற்கு இன்னும் காலர் வரவில்லை போலிருக்கிறது. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். விசாவை ஆறு மாதம் நீட்டிக்க எனக்கு முழுச் சம்மதம். என்னைக் கருதி நீங்கள் தயங்க வேண்டாம். அவளிடம் "அவர் சம்மதம் எழுதிவிட்டார்" என்று சொல்லிவிடுங்கள், அவளும் சரி என்பாள்.

நீங்கள் கையிட்டுச் செய்யும் வேலையெல்லாம் வாய்க்கவும், பேரன் பல்லும் புத்தியும் வளரவும், உங்கள் வீட்டின்மேல் ஆண்டவருடைய கண் இமைக்காமல் இருக்கவும் மனமார வாழ்த்துகிறேன். எவாஞ்சலினுக்கு முத்தங்கள். செலினுக்கு என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
ச. கிதியோன்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி, மாலையில் பத்மப்ரியா வந்து படமெடுக்கட்டும் என்று மேஜை மேல் வைத்திருந்தேன். ஞாயிறு அல்லாத செவ்வாய்க்கிழமையில் போன் அடித்தது. செலின். உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு வந்து நின்றுகொண்டு தனியாகப் பேசுகிறாள். நீங்கள் காலர் வாங்கியதை எவாஞ்சலின் அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். "அந்தப் பிள்ளை கழுத்துல என்னத்தைக் கட்டி வச்சிருக்கீங்க? கழட்டுங்க முதல்ல" என்றாள். கழற்றினேன். "மேஜர்" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். மருமகனே, ஞாயிற்றுக்கிழமை அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்து அவன் ஆரம்பித்துவிட்டான். போனைச் சுற்றுகிறான், கட்டிலடிக்குப் போகிறான், வருகிறான், ஊளையிடுகிறான். அங்கே அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை, திரை ஆடிக்கொண்டிருந்தது. நான் சொல்வது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன? என்ன சொல்றீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவள் அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தபடியால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும், அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொல்ல வேண்டும். எழுந்து நின்று, எனக்கு இருப்பதாக நானே அறியாத ஒரு குரலில், "செலின், நீ வந்துரு" என்று கத்திவிட்டேன். மாடியில் பத்மப்ரியா ஆபீஸ் மீட்டிங்கை நிறுத்திவிட்டுக் கீழே ஓடி வந்தது. ராகவேந்திரா மதில் மேல் தலையை நீட்டி, "ஹவ் சாப், ஆஜ் ஆப் பீ?" என்றார், இன்று நீங்களுமா என்று. ஆமாம், நானும்தான் என்றேன்.

ஆகையால் மேலே நான் எழுதியுள்ள சம்மதத்தைத் தயவுசெய்து தள்ளுபடி செய்யவும். புதிதாக எழுதியிருப்பேன், பத்மப்ரியா பக்கத்தில் நின்று, அடிக்காமல் கிழிக்காமல் அப்படியே அனுப்புங்க அங்கிள் என்று வற்புறுத்துகிறது. உங்களுக்கும் எவாஞ்சலினுக்கும் இதனால் வரும் கஷ்டம் எனக்குத் தெரியும், அதற்காக இரவெல்லாம் யோசிப்பேன் என்பதும் தெரியும். ஒரே ஒரு உதவி. நான் கத்தியதற்குச் செலின் ஏதோ பதில் சொன்னாள், வாய் அசைந்தது, மேஜர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டுக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. என்ன சொன்னாள் என்று அவளிடமே கேட்டு, ஒரு வரி எழுதவும்.